எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் இரண்டு மாடி என்று அர்த்தமில்லை

"மஞ்சக்குப்பத்தில் வரப்போகும் அலுவலகக் கட்டடம் ஐந்து மாடியாம். எஃப்.எஸ்.ஐ. 2 என்பதால் இரண்டு மாடிக்கு மேல் சட்டவிரோதம்" என்று நண்பர் எழுதியிருக்கிறார். இது தவறு. எஃப்.எஸ்.ஐ. (தளப்பரப்புக் குறியீடு) மாடிக் கணக்கே இல்லை. எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பை மனைப் பரப்பால் வகுத்தால் வருவது. 10,000 சதுர அடி மனையில் 2 என்றால் மொத்தம் 20,000 சதுர அடி கட்டலாம். மனை முழுவதையும் அடைத்துக் கட்ட முடியாது, சுற்றிலும் காலி இடம் விட வேண்டும். தளத்துக்கு 4,000 சதுர அடி என்று வைத்தாலே ஐந்து தளம் வந்துவிடும்.

உயரத்துக்குத் தனி அளவு. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் அது உயரமான கட்டடம். அப்போது சாலை அகலம், சுற்றிலும் விடும் காலி இடம் பற்றிய விதிகள் எல்லாம் கடுமையாகும்.

சரி, அதற்காகக் கட்டடம் வரட்டும் என்று நான் சொல்லவில்லை. கெடிலம் ஆறு பெருகினால் நம் கடலூர் என்ன பாடு படும் என்று தெரியும். ஆட்சேபம் எழுதுபவர்கள் மனைக்கு முன்னால் சாலை எத்தனை மீட்டர், மழைநீர் எந்த வாய்க்காலுக்குப் போகும் என்று கேளுங்கள். மாடிக் கணக்கை எழுதி மனு கொடுத்தால் அதைக் காட்டியே தள்ளிவிடுவார்கள். நியாயமான கேள்விகளும் அதோடு போய்விடும்.