எங்கட பெடியளுக்கு உடம்பு காணாதாம்

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வருகிற உறவுகளோடு கால்பந்து கதைத்தால் ஒரு வசனம் கட்டாயம் வரும்: "எங்கட பெடியளுக்கு உந்த உடம்பு காணாது தம்பி." இந்த முறை சொன்னது லண்டன் மாமா. இங்கிலாந்துக் கழகங்களில் எங்கட ஆக்கள் ஏன் இல்லை என்று கேட்டதற்குத்தான் இந்தப் பதில். இதையே ஒரு வெள்ளைக்காரப் பயிற்றுநர் சொல்லியிருந்தால், இனவாதம் என்று முதலில் பதிவு போடுகிற ஆளும் மாமாதான்.

மெஸ்ஸியின் உயரம் 1.70 மீற்றர். பிரான்ஸ் வீரர் கான்ரே அதைவிடக் கட்டை. ஒருவர் 2022இலும் மற்றவர் 2018இலும் உலகக் கிண்ணம் தூக்கினார்கள். சரி, அவர்கள் ஆசியர்கள் இல்லை என்பீர்கள். ரொட்டன்ஹாமில் ஆடிய தென்கொரியர் சொன் ஹியுங்-மின் 2021-22 பருவத்தில் இங்கிலாந்தின் முதல்தரப் போட்டித் தொடரான பிறீமியர் லீக்கில் 23 கோல் அடித்து, கூடக் கோல் அடித்தவருக்கான தங்கப் பாதணியை லிவர்பூலின் சலாவோடு பகிர்ந்துகொண்டார். அதில் ஒன்றுகூட பெனால்ரி இல்லை.

அப்படிப்பட்ட வீரருக்கே என்ன நடந்தது? 2024இல் உருகுவே தொலைக்காட்சியில் சொன்னின் ஜேர்சி ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்கள். சக வீரர் பென்ரன்கூர், அவருடைய மச்சானின் ஜேர்சியாகவும் இருக்கலாம், எல்லாரும் ஒரே மாதிரித்தானே இருப்பார்கள் என்று சிரித்தார். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 7 போட்டித் தடையும் ஒரு லட்சம் பவுண் அபராதமும் போட்டது. தடை கூடிப்போச்சு என்று மேன்முறையீடு செய்தது வேறு யாருமில்லை, சொன் தலைவராக இருந்த அதே கழகம்! மேன்முறையீடு தள்ளுபடியானது வேறு கதை. அவருக்கு முன்னர் மன்செஸ்ரர் யுனைற்றட்டில் ஆடிய இன்னொரு தென்கொரியர் பார்க் ஜி-சுங்குக்கு, நாய் இறைச்சி தின்பதைச் சொல்லி ரசிகர்கள் ஒரு பாட்டுக் கட்டினார்கள். அதுவும் பாசத்தோடு. அதை இனிப் பாடாதீர்கள் என்று அவர் 2021இல், ஓய்வு பெற்றுப் பல வருடங்களுக்குப் பிறகு, வாய் திறந்து கேட்க வேண்டியிருந்தது.

இவர்கள் கொரியாவில் பிறந்து, வேறு நாட்டுக் கழகங்களில் பெயர் எடுத்த பிறகு இங்கிலாந்து போனவர்கள். அங்கேயே பிறந்த எங்கள் பிள்ளைகளின் பிரச்சினை வேறு. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் 9.3 வீதம் பேர் ஆசிய வம்சாவளி. ஆனால் தொழில்முறை வீரர்களில் தெற்காசியர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2004இல் ஃபுல்ஹாமுக்கு ஆடிய செஷ் ரெஹ்மான், 2021இல் லெஸ்ரரோடு எஃப்.ஏ. கிண்ணம் வென்ற ஹம்சா சௌத்ரி என்று விரல் மடக்கி எண்ணலாம். ஹம்சா கடைசியில் தாயின் நாடான பங்களாதேஷுக்கு ஆடப் போய்விட்டார்.

உடம்பு அல்ல, கண்தான் பிரச்சினை. அங்கே கழகங்களின் அக்கடமிகள், அதாவது சிறுவர் பயிற்சிக்கூடங்கள், எட்டு, ஒன்பது வயதிலேயே பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கின்றன. ஆள் தேடி வருகிறவர் தனக்குத் தெரிந்த பயிற்றுநர், தெரிந்த மைதானம் என்றுதான் போவார். ஒரு காலத்தில் ஏச்சும் அடியும் தாங்காமல் ஆசியர்கள் தங்களுக்கென்று தனி அணி, தனிச் சுற்றுப்போட்டி என்று ஒதுங்கினார்கள். அந்த மைதானங்களுக்கு அவர் வருவதில்லை. வந்தாலும், "இவனைத் தாய் தகப்பன் டொக்டராக்கப் போகினம், ஏன் மினக்கெடுவான்" என்ற முடிவோடுதான் நிற்பார். உறவுக்காரப் பிள்ளை ஒருவன் பத்து வயதில் பந்தோடு ஓடும்போது, கோட்டுக்கு வெளியே நின்ற யாரோ ஒரு தகப்பன் "கிரிக்கெட் விளையாடப் போ" என்று கத்தினாராம். பெடியன் அதை வீட்டில் சொன்னது இரண்டு வருடம் கழித்து.

எங்கள் பக்கத்திலும் பிழை இல்லாமல் இல்லை. பின்னேரம் கடையிலோ பெற்றோல் செட்டிலோ வேலை செய்கிற தகப்பன், கிழமைக்கு மூன்று நாள் பயிற்சிக்குக் கூட்டிப்போக முடியாது. அது வசதி சார்ந்த விடயம், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வசதியுள்ள வீட்டிலும் ரியூசன்தான் வெல்கிறது. வேல்சில் வளர்ந்த விமல் யோகநாதன் 2024 ஓகஸ்ட்டில் பார்ன்ஸ்லிக்காக இறங்கியபோது, இங்கிலாந்துத் தொழில்முறைக் கால்பந்தில் முதல் தமிழன் என்று என் முகநூல் முழுக்க அவர் படம்தான். பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் மகனை ஒரு கழகத்தின் வீரர் தெரிவுக்குக் கூட்டிப்போயிருப்பார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிப்பவர்கள் கோபிக்கட்டும். இந்த "உடம்பு காணாது" கதை யாழ்ப்பாணத்துக்குள்ளேயே பொய். குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென் மேரிஸ், பாசையூர் சென் அன்ரனிஸ், இளவாலை யங் ஹென்றிஸ் போன்ற கழகங்கள் ஆடும்போது ஒருநாள் துரையப்பா அரங்கில் போய் இருந்து பாருங்கள். விடிய வலை இழுத்துவிட்டு வந்த பெடியன் தொண்ணூறு நிமிடமும் ஓடுவான். அவனை எங்கள் படித்த வட்டாரம் எப்படிப் பார்க்கிறது? "கரையோரப் பெடியள், சண்டைக்காரர்" என்று. சென் ஜோன்ஸும் மத்திய கல்லூரியும் மோதும் கிரிக்கெட் போட்டியான வடக்கின் பெரும்போருக்குப் பழைய மாணவர்கள் அள்ளிக் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும், நானும் பார்க்கப் போகிறவன்தான். கரையோர ஊர்க் கழகங்களுக்கு அதில் கால்வாசி அக்கறைகூட இல்லை. இதில் சாதி இல்லை என்று யாரும் எனக்குச் சொல்ல வராதீர்கள். பார்க்காமலே ஆளை எடைபோடுவது இங்கிலாந்தில் இனவாதம் என்றால், இங்கே அதற்கு என்ன பெயர்?

லண்டனில் எங்கள் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோடையில் கால்பந்துச் சுற்றுப்போட்டிகள் வைக்கின்றன. கொத்துரொட்டி உண்டு, வெற்றிக் கிண்ணம் உண்டு, பிரதம விருந்தினர் உண்டு. விருந்தினர் கதிரையில் அரசியல்வாதிக்குப் பதிலாக, பக்கத்துக் கழகத்தின் அக்கடமியில் பிள்ளைகளைத் தெரிவு செய்கிற ஆளை ஒருமுறை கூப்பிட்டு இருத்துங்கள். வரமாட்டேன் என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள், முகநூலில் போடலாம்.