‘கேஎம்’ கிடைத்தால் எல்லாம் முடிந்ததா?

மேலே ஒருவர், “பழைய தோட்ட நிலத்தில் வரும் மூத்தோர் குடியிருப்புக்கு மாவட்ட மன்றம் ஓகே சொல்லியாச்சு, இனி ஒரு தடையும் இல்லை, தைரியமா முன்பணம் கட்டுங்க” என்று எழுதியிருக்கிறார். அண்ணே, பாதி சரி. மீதிப் பாதிதான் ஆபத்து.

மன்றம் தருவது மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படியான திட்டமிடல் அனுமதி. நாம் ‘கேஎம்’ என்கிறோமே, அதுதான். அது பெரும்பாலும் நிபந்தனைகளோடுதான் வரும்: வடிகால், சாலை, கார் நிறுத்துமிடம், தீயணைப்பு வண்டி நுழையும் வழி. அந்தக் கடிதத்தின் பின்பக்கங்களை யாரும் படிப்பதில்லை. விளம்பரத்தாளில் முதல் பக்கம் மட்டும்தான் போடுவார்கள்!

அடுத்து மண். செம்பனை நின்ற இடம். கெரானில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், இன்னும் ‘பெர்தானியான்’ (விவசாயம்) என்று இருந்தால், கட்டட நிலமாக வகை மாற்ற நில அலுவலகம் வழியாக விண்ணப்பித்து, அதற்கான கட்டணமான பிரீமியமும் கட்டவேண்டும். தேசிய நிலச் சட்டம் 124ஆம் பிரிவு. முடிவு மாநில அரசின் கையில், மன்றத்தின் கையில் இல்லை.

கட்டி முடித்து, கட்டட நிறைவுச் சான்றிதழான சிசிசி வாங்கினாலும் அது கட்டடத்துக்குத்தான். நாலு முதியவர்கள் அல்லது அதற்கு மேல் வைத்துப் பராமரித்தால், 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதியவேண்டும். பராமரிப்பு இல்லாமல் வெறும் வீடாக விற்றால் கதை வேறு. அவர்கள் விற்பது எது என்று முதலில் கேளுங்கள்.

நான் திட்டத்துக்கு எதிரி இல்லை; என் அம்மாவுக்கே இடம் தேடுகிறேன். முன்பணத்துக்கு முன் கெரான் நகலையும் கேஎம் கடிதம் முழுவதையும் காட்டச் சொல்லுங்கள்.