வீட்டை விற்ற லாபமும் 1997-இல் நின்றுபோன வரம்பும்

கலிஃபோர்னியாவில் நம்மவர்களின் ஒரு தலைமுறை வீட்டை விற்கும் வயதுக்கு வந்துவிட்டது. தொண்ணூறுகளின் கடைசியில் ஃப்ரீமாண்ட், சன்னிவேல் பக்கம் வீடு வாங்கியவர்கள் ஓய்வு பெறுகிறார்கள். பிள்ளைகள் வேறு ஊரில். நான்கு படுக்கையறை வீட்டில் இருவர் மட்டும். அதை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தால், வரிக் கணக்கு தடுக்கிறது. இது நியாயமில்லை என்பதுதான் என் கருத்து.

சட்டம் இதுதான்: விற்பதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் சொந்தமாக வைத்துக் குடியிருந்த வீடு என்றால், லாபத்தில் தனி ஆளுக்கு 2.5 லட்சம் டாலர், தம்பதிக்கு 5 லட்சம் டாலர் வரை வரி இல்லை. 1997-இல் ஃபெடரல் (மத்திய) அரசு இதைக் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவும் அதே தொகையைத் தன் சட்டத்தில் வைத்துக்கொண்டது. அன்றைக்கு அது தாராளமான தொகைதான். அதற்குப் பிறகு விலைவாசி ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. அந்த வரம்பு ஒரு டாலர்கூட ஏறவில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1998-இல் 4 லட்சத்துக்கு வாங்கிய வீடு. கூரை மாற்றி, சமையலறையைப் புதுப்பித்ததில் 50,000. இப்போது விற்று, கமிஷன் எல்லாம் போக 15 லட்சம் வருகிறது. லாபம் 10.5 லட்சம். தம்பதிக்கான 5 லட்சத்தைக் கழித்தால் 5.5 லட்சத்துக்கு வரி. ஃபெடரல் வரியிலாவது நீண்டகால லாபத்துக்குக் குறைந்த விகிதம் உண்டு. கலிஃபோர்னியாவில் அந்தச் சலுகை கிடையாது. சம்பளத்துக்குப் போடும் அதே வரிதான். இந்தக் கணக்கில் பெரும்பகுதி 9.3 சதவீத அடுக்கில் விழும். மாநிலத்துக்கு மட்டும் 40,000 டாலருக்கு மேல் போகும். வாங்கிய 4 லட்சமே இன்றைய மதிப்பில் 8 லட்சத்தை நெருங்குகிறது. அந்த வித்தியாசத்தை லாபம் என்று எப்படிச் சொல்வது?

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். இதே மாநிலம் வருமான வரி அடுக்குகளை ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துகிறது. செய்யும் வழி தெரியாமல் இல்லை. வீட்டுக்கான வரம்பை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தைப் பாருங்கள்: 2022 முதல் மூலதன லாபத்துக்கு வரி போடத் தொடங்கியபோதே, வீடு, நிலம் விற்ற லாபத்தை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

நம்மவர்களிடையே இரண்டு தவறான நம்பிக்கைகள் சுற்றுகின்றன. இன்னொரு வீடு வாங்கிவிட்டால் வரி இல்லை என்பது ஒன்று. இந்தியாவில் அப்படி விலக்கு உண்டு, அமெரிக்காவிலும் 1997 வரை இருந்தது. இப்போது இல்லை. முதலில் டெக்சாஸுக்குக் குடிபோய்விட்டு அப்புறம் விற்கலாம் என்பது இன்னொன்று. டெக்சாஸில் வருமான வரி இல்லைதான். ஆனால் வீடு இருக்கும் மாநிலம்தான் வீட்டு லாபத்துக்கு வரி போடும், நீங்கள் எங்கே இருந்தாலும்.

விற்பனைப் பத்திரங்களோடு 593 என்று கலிஃபோர்னியாவின் வரிப் படிவம் ஒன்று வரும். கவனமாகப் படியுங்கள். இது குடியிருந்த வீடு என்று அதில் உரிய கட்டத்தில் குறிக்காவிட்டால், லாபத்தில் அல்ல, விற்ற விலையிலேயே 3.33 சதவீதத்தை மாநில வரிக்காக முன்கூட்டியே பிடித்துவிடலாம். அப்புறம் வரிக் கணக்குத் தாக்கல் செய்துதான் மீட்க வேண்டும்.

இதில் கொடுமை என்னவென்றால், உயிரோடு இருக்கும்போது விற்றால் இத்தனை வரி. கடைசிவரை வைத்திருந்து பிள்ளைகளுக்குப் போனால், இறந்த நாளின் சந்தை விலையே வாங்கிய விலையாகக் கணக்கில் ஏறும், பழைய லாபத்துக்கு வரி சுத்தமாக இல்லை. அதனால்தான் முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறிக்கொண்டு பெரியவர்கள் அதே வீட்டில் இருக்கிறார்கள். சிறு குழந்தைகளோடு வீடு தேடும் குடும்பங்களுக்கு வீடு கிடைப்பதில்லை.

"மில்லியன் டாலர் வீட்டுக்காரருக்கு என்ன பரிதாபம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வரிப் பணத்தில்தான் பள்ளிகள் நடக்கின்றன, அதை நான் மதிக்கிறேன். வரியே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. 1997-இன் 5 லட்சத்தை இன்றைய மதிப்புக்கு உயர்த்துங்கள், இனி ஆண்டுதோறும் உயர்த்துங்கள். ஃபெடரல் வரம்பை இரட்டிப்பாக்கும் மசோதா வாஷிங்டன் டிசியில் பேச்சில் இருக்கிறது. அது நிறைவேறும்வரை நம் மாநிலத் தலைநகரமான சாக்ரமெண்டோ காத்திருக்க வேண்டியதில்லை. மாநிலச் சட்டத்தை மாநிலமே திருத்தலாம். உங்கள் தொகுதி அசெம்பிளி உறுப்பினருக்கு இதைக் கேட்டு எழுதுங்கள். நான் எழுதிவிட்டேன்.