மதிப்பீட்டு நாள் ஒன்றை வைத்து முடிவு செய்ய முடியாது

"மதிப்பீட்டு நாளில் நன்றாக நடந்துவிட்டால் பிப் கிடைக்காது, மேல்முறையீடும் வீண்" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது தவறு. (பிப் என்பது நீண்டகால நோயோ ஊனமோ உள்ளவர்களுக்கு பிரிட்டன் அரசு தரும் உதவித்தொகை; அதற்கான தகுதியைப் பார்ப்பதுதான் மதிப்பீடு.) இதை நம்பி யாரும் கைவிட்டுவிட வேண்டாம்.

பிரிட்டனின் 2013 பிப் விதிகளில் 7ஆம் விதி பார்ப்பது ஒரு நாளை அல்ல, 12 மாதங்களை. அதில் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் உங்கள் நிலை எப்படி என்பதுதான் கேள்வி. அப்புறம், "முடியும்" என்றால் பாதுகாப்பாக, சரியாக, தேவைப்படும்போதெல்லாம் திரும்பவும், நியாயமான நேரத்துக்குள் முடிய வேண்டும். லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) உள்ளவர் ஒருமுறை குளித்துவிட்டு மாலைவரை எழ முடியாமல் கிடந்தால், அது "முடியும்" ஆகாது. இதை அழுத்திச் சொல்லுங்கள்.

முடிவுக் கடிதத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டாய மறுபரிசீலனை கேளுங்கள், அதாவது முடிவெடுத்த துறையையே அதை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் மறுத்தால் அடுத்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயம், கட்டணம் கிடையாது. முடிவெடுத்த தேதியில் இருந்த நிலையைத்தான் அங்கே பார்ப்பார்கள். அதனால் அந்தக் காலத்து நாட்குறிப்பு இருந்தால் இணையுங்கள். "சில நாள் மோசம்" என்று பொதுவாக எழுதாதீர்கள். "வாரத்தில் ஐந்து நாள் சட்டைப் பொத்தான் போட மகள் வேண்டும்" என்று எழுதுங்கள்.