ஜஸ்வந்த் சிங் கில்: தானே சுரங்கத்துக்குள் இறங்கிய அதிகாரி

1989இல் தண்ணீர் புகுந்த நிலக்கரிச் சுரங்கத்தில் சிக்கிய 65 பேரை மீட்ட சுரங்கப் பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில். அந்தப் பெயர் நம்மில் பலருக்கு இன்னும் தெரியாது. 2023இல் அவர் கதை இந்தியில் படமாக வந்தபோது வாட்ஸ்அப்பில் கொஞ்ச நாள் அவர் புகைப்படம் சுற்றியது. கூடவே நிறைய மிகைப்படுத்தலும் சுற்றியது. மிகைப்படுத்தத் தேவையே இல்லாத மனிதர் அவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1939இல் அமிர்தசரஸ் பக்கம் சதியாலா என்ற ஊரில் பிறந்தவர். தன்பாத் சுரங்கவியல் கல்லூரியில் 1965இல் பட்டம் வாங்கினார். நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையான பிறகு, ஓய்வு பெறும்வரை பொதுத்துறையில்தான் வேலை.

நமக்குச் சுரங்கம் என்றால் நெய்வேலிதான் நினைவுக்கு வரும். அது திறந்தவெளி, நிமிர்ந்தால் வானம் தெரியும். மேற்கு வங்கத்தில் ராணிகஞ்ச் அருகே இருந்த மகாவீர் சுரங்கம் அப்படியில்லை. பூமிக்கு அடியில் கரியைக் குடைந்துகொண்டே போவார்கள், கூரை விழாமலிருக்க நடுநடுவே கரியையே தூண்களாக விட்டுவைப்பார்கள். இந்தியாவில் நிலக்கரித் தொழில் தொடங்கியதே 1774இல் ராணிகஞ்ச் பகுதியில்தான். இருநூறு வருடத்துக்கும் மேல் தோண்டிய மண் அது. கைவிடப்பட்ட பழைய குடைவுகள் அடியில் எத்தனையோ, அவற்றில் தேங்கி நிற்கும் தண்ணீர் எவ்வளவோ.

1989 நவம்பர் 13 இரவு, வெடிவைத்துக் கரி உடைக்கும்போது அப்படித் தேங்கியிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. பலர் மேலே ஏறித் தப்பிவிட்டார்கள். 71 பேர் சிக்கிக்கொண்டார்கள். ஆறு பேர் தண்ணீரில் மூழ்கி இறந்துவிட்டார்கள். மீதி 65 பேர் தண்ணீர் எட்டாத மேடான பகுதியில் ஒதுங்கி நின்றார்கள்.

வழக்கமான வழி முழுக்கத் தண்ணீர். பம்ப் வைத்து இறைத்தாலும் சீக்கிரத்தில் வற்றுகிற அளவு இல்லை. அப்போதுதான் கில் ஒரு யோசனையோடு வந்தார். அவர்கள் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே தரையிலிருந்து ஒரு துளை போடுவது, ஒரே ஒரு ஆள் நிற்கிற மாதிரி எஃகுக் கூண்டு செய்து அதன் வழியே இறக்குவது, ஒவ்வொருவராக மேலே இழுப்பது. கூண்டு பக்கத்திலிருந்த பட்டறையிலேயே அவசர அவசரமாகச் செய்யப்பட்டது.

இதைக் கேட்கும்போது கூண்டுதான் பெரிதாகத் தெரியும். எனக்கு அந்தத் துளை போட்ட இடம்தான் பெரிதாகத் தெரிகிறது. மேலே நிற்பவனுக்குக் கீழே இருக்கும் குடைவு கண்ணுக்குத் தெரியாது. கையில் இருப்பது சுரங்க வரைபடம் மட்டும்தான். கொஞ்சம் தள்ளிப் போட்டால் துளை கரித்தூணுக்குள் போய் முட்டும், இல்லையென்றால் தண்ணீருக்குள் இறங்கும். சர்வே செய்தவர்கள், துளை போட்டவர்கள், கூண்டுக்கு வெல்டிங் வைத்தவர்கள், கயிற்றை இழுத்தவர்கள் என்று எல்லார் வேலையும் சரியாக அமைந்ததால்தான் 65 உயிர் பிழைத்தது.

16ஆம் தேதி விடியும் முன்னே கூண்டு தயார். யார் முதலில் இறங்குவது? கில் தானே இறங்குவதாகச் சொன்னார். மேலதிகாரிகள் தயங்கினார்கள். ஐம்பது வயது நிறைய அவருக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

மீட்பை நடத்தும் அதிகாரி மேலே நின்று கட்டளையிட வேண்டியவர், அவரே உள்ளே போய் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் கீழே இருந்த நிலைமையை நினைத்துப் பாருங்கள். மூன்று நாள் இருட்டில் நின்ற 65 பேர், ஒரு தடவைக்கு ஒருவர் மட்டும் ஏறக்கூடிய கூண்டு. யார் முந்துவது என்று தள்ளுமுள்ளு வந்தால் எல்லாம் முடிந்தது. அடிபட்டவர்களையும் உடம்பு முடியாதவர்களையும் முதலில் அனுப்ப வேண்டும், மற்றவர்களைப் பொறுமையாக நிற்கவைக்க வேண்டும். அப்படிச் சொல்கிற வார்த்தைக்குச் சுரங்கத்துக்குள் மதிப்பு இருக்க வேண்டுமென்றால், சொல்பவர் அவர்களோடு அங்கேயே நிற்க வேண்டும். கில் நின்றார். 65 பேரும் மேலே போகும்வரை நின்றார். அதை வீரம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தெளிவாக யோசித்த ஒரு பொறியாளரின் முடிவு அது.

உலகத்திலேயே முதல் மீட்புக் கூண்டு இவருடையது என்று பரவும் செய்தி சரியில்லை. ஜெர்மனியில் 1955இலேயே டால்புஷ் சுரங்கத்தில் இப்படி மூன்று பேரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதனால் கில்லின் மதிப்பு துளியும் குறையாது. ஒரே முயற்சியில் 65 பேரை மேலே கொண்டுவந்தது சாதாரண விஷயமா? சிலியில் 33 பேரை இதே முறையில் மீட்டதை 2010இல் உலகமே டிவியில் பார்த்தது. அதற்கு 21 வருடம் முன்பே நம் நாட்டில் நடந்ததை நாமே சொல்லிக்கொள்ளவில்லை.

அரசு மறந்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். உயிர் காப்பாற்றியவர்களுக்கு அரசு தரும் சர்வோத்தம் ஜீவன் ரக்ஷா பதக்கத்தை 1991இல் அவருக்கு வழங்கியவர் அன்றைய குடியரசுத் தலைவர், நம் ஆர். வெங்கடராமன். 1998இல் ஓய்வு பெற்ற கில், 80 வயது நிறைந்த நான்காம் நாள், 2019 நவம்பர் 26 அன்று அமிர்தசரஸில் காலமானார்.

அவரைக் கொண்டாடும்போது அந்த ஆறு பேரை விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். தன்பாத் அருகே சாஸ்னாலாவில் 1975இல் இதே மாதிரி தண்ணீர் உடைத்து உள்ளே பாய்ந்து 375 பேர் இறந்தார்கள். பழைய குடைவு எங்கே முடிகிறது, புதியது எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதைச் சரியாகக் குறித்து, ‘இதற்கு மேல் வெட்டாதே’ என்று சொல்வதும் சுரங்கப் பொறியாளர் வேலைதான். அந்த வேலை நன்றாக நடந்தால் செய்தி எதுவும் வராது, பதக்கமும் கிடைக்காது. கில் பெயரில் ஏதாவது செய்வதாக இருந்தால், சிலையைவிட இந்த வேலை செய்பவர்களுக்கு ஒரு விருது வைக்கலாம். சுரங்கவியல் மாணவர்களுக்கு மகாவீர் மீட்பை ஒரு முழுப் பாடமாகவே வைக்கலாம், ஏன் தண்ணீர் வந்தது என்பதிலிருந்து.

ராணிகஞ்ச், தன்பாத் பக்கம் அந்தக் காலத்தில் வேலை பார்த்த தமிழர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நினைவிருப்பதை எழுதுங்கள். துளை போட்டவர்களைப் பற்றியும் கயிறு இழுத்தவர்களைப் பற்றியும் தெரிந்தால் இன்னும் நல்லது.