சுட்ட பாட்டாம்!

நேற்றிலிருந்து சுற்றும் அந்தப் பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "ராபர்ட் பர்ன்ஸ் சொந்தமாக என்ன எழுதினார், ஆல்ட் லாங் சைனே சுட்டதுதானே" என்று இரண்டு வரி. பர்ன்ஸ் பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக் கவிஞர்; ஆல்ட் லாங் சைன், புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில் பல நாடுகளில் பாடும் பாட்டு. கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். பொறுக்காமல் ஒரு விளக்கம் எழுதினேன். "வந்துட்டார் ஸ்காட்லாந்து தூதர்" என்று பதில். சரி, தூதராகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

அந்தப் பாட்டை ஒரு கிழவர் பாடக் கேட்டு எழுதிக்கொண்டேன் என்று பர்ன்ஸே கடிதத்தில் சொல்லியிருக்கிறார். வாக்குமூலத்தைக் கையோடு கொடுத்துவிட்டு எவனாவது திருடுவானா? "கிழவரே கட்டுக்கதை, பாதிக்கு மேல் இவரே எழுதியிருப்பார்" என்று அடுத்தவர் வருவார். வரட்டும். அப்படியென்றால் தன் பாட்டை ஊர்ப் பாட்டு என்று தூக்கிக் கொடுத்தவர் ஆகிறார். எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் திருட்டு கிடைக்கவில்லையே!

எடின்பரோவில் ஜேம்ஸ் ஜான்சன் என்ற பதிப்பாளர் 600 ஸ்காட்லாந்துப் பாட்டுகளை 6 தொகுதிகளாக அச்சிட்டார். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பர்ன்ஸ் கை பட்டது. சில முழுக்க அவருடையவை. சிலவற்றில் பழைய பல்லவி மட்டும் மிஞ்சியிருக்க, மீதியை இவர் கட்டினார். இதற்குக் காசு வாங்கவில்லை. இன்னொரு பதிப்பாளர் ஜார்ஜ் தாம்சன் 5 பவுண்டு அனுப்பியபோது கோபித்துக்கொண்டார். 1796 ஜூலையில், சாகக் கிடக்கையில், கடனுக்காகச் சிறையில் போட்டுவிடுவார்களோ என்று நடுங்கி, அதே தாம்சனிடம் 5 பவுண்டு கேட்டுக் கெஞ்சி எழுதினார். ஒன்பதாம் நாள் உயிர் போனது. வயது 37. பாட்டைச் சுட்டுச் சம்பாதித்த லட்சணம் இது.

"ஜமைக்காவில் அடிமைத் தோட்டத்துக்குக் கணக்கெழுதப் போக இருந்தவர்தானே?" ஆமாம். 1786இல் வந்த முதல் புத்தகம் விற்றதால்தான் கப்பல் ஏறவில்லை. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் பேச்சு பாட்டைப் பற்றி.

ஸ்காட்லாந்தின் அபர்டீனில் நான் இருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் பர்ன்ஸ் பிறந்தநாள் விருந்துக்குக் கூப்பிட்டார். ஜனவரி 25, எலும்பை உறைய வைக்கும் குளிர். ஆட்டின் ஈரலும் இதயமும் ஓட்ஸும் சேர்த்து அவித்த ஹாகிஸுக்கு முன்னால் ஒருவர் கத்தியோடு நின்று கவிதை சொன்னார். எனக்குச் சிரிப்பு. (இன்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், கணக்கு நேர்.) அப்புறம் அந்த அம்மாள் எழுந்து, வாத்தியம் எதுவும் இல்லாமல், 'ஏ ஃபாண்ட் கிஸ்' பாடினார். கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். "அம்மா பாடுவாள்" என்றார். பர்ன்ஸ் 1791இல் எழுதிய பாட்டு அது. வாயிலிருந்து ஏட்டுக்கு வந்ததெல்லாம் திருட்டு என்றால், ஏட்டிலிருந்து வாய்க்குத் திரும்பிப் போனதை என்னவென்று சொல்வீர்கள்?

ஆல்ட் லாங் சைன் மெட்டில்தான் தாகூர் பழைய நாட்களைப் பற்றிய வங்கப் பாட்டை எழுதினார். ஜப்பானில் கடை மூடும் நேரத்தில் அந்த மெட்டு ஒலிக்கிறது. தாகூரையும் சுட்டவர் பட்டியலில் சேர்த்துவிடுங்களேன், தைரியம் இருந்தால்.

நிஜமாகவே சண்டை போட வேண்டுமென்றால் வேறு இடம் இருக்கிறது. நாவலாசிரியர் வால்டர் ஸ்காட், ஸ்காட்லாந்து-இங்கிலாந்து எல்லைப்புறக் கதைப்பாட்டுகளைத் தொகுத்தபோது அவருக்குப் பாடிக்காட்டியவர்களில் ஒருவர் மார்கரெட் லெயிட்லா, கவிஞர் ஜேம்ஸ் ஹாக்கின் தாய். அச்சில் பார்த்ததும், இவை பாடுவதற்கு, படிப்பதற்கில்லை, கெடுத்துவிட்டாய் என்று ஸ்காட்டை நேரடியாகவே கடிந்துகொண்டதாக மகன் எழுதியிருக்கிறார். ஸ்காட்டுக்கு எடின்பரோவில் கோபுரம் வைத்த நினைவுச்சின்னம். அந்தத் தாயின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? இதைப் பற்றி எழுதியிருந்தால் முதல் ஆளாகப் பகிர்ந்திருப்பேன். ஆனால் அதற்குக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

சிரிப்புக் குறி போட்டவர்களில் இரண்டு பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள், நான் பாடக் கேட்டுக் கை தட்டியவர்கள். பெயரைப் பார்த்துவிட்டேன்.