சராசரி மழையை நம்பி விதைக்க முடியாது

"இந்த ஆண்டு சராசரி மழை பெய்துவிட்டது" என்று செய்தியில் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தச் சராசரியால் பயிருக்கு என்ன பயன்?

ஆண்டுக்கு 500 மி.மீ. மழை பெறும் ஒரு மானாவாரி நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது நாற்பது நாட்களில் பிரிந்து பெய்தால் விளைச்சல். எட்டே நாட்களில் கொட்டித் தீர்த்தால் வெள்ளமும் வறட்சியும் ஒரே ஆண்டில். பதிவேட்டிலோ இரண்டுக்கும் அதே 500தான்.

கொட்டும் மழை வெற்று நிலத்தை என்ன செய்கிறது என்று குனிந்து பார்த்தால் தெரியும். பெரிய துளி விழுகிற வேகத்தில் மண்கட்டி உடைந்து தூளாகிறது. தூள் போய் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்கிறது. இரண்டு நாள் வெயில் பட்டால் மேலே பொருக்குத் தட்டிவிடும். நகத்தால் நெம்பினால் ஓடு மாதிரி பெயர்ந்து வரும். அதன் அடியில், முட்டி மேலே வர முடியாத முளை வெளுத்துச் சுருண்டு கிடக்கும். அடுத்த மழையும் அந்தப் பொருக்கின் மேலேயே வழிந்து, மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடும். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை என்பது ஏறக்குறைய 4,000 லிட்டர் தண்ணீர். ஒரே மாலையில் 80 மி.மீ. கொட்டினால் மூன்று லட்சம் லிட்டருக்கு மேல். அதில் எவ்வளவு வேருக்குப் போனது என்று எந்த மழைமானியும் சொல்லாது.

காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது மழை வலுக்கிறது. பெய்யாத நாட்களில் அதே சூடு மண்ணின் ஈரத்தை இன்னும் வேகமாக இழுத்துக்கொள்கிறது. ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையான கொம்புப் பகுதியில் 2020 கடைசியிலிருந்து தொடர்ந்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தன. ஆடுமாடுகள் லட்சக்கணக்கில் செத்தன. 2023 கடைசியில் அதே சோமாலியா, கென்யா, எத்தியோப்பியாவில் பெருவெள்ளம். இவற்றைக் கூட்டிச் சராசரி போட்டு யாருக்கு ஆறுதல் சொல்வது?

என்னை மிகவும் வருத்துவது ஏமாற்று மழைதான். முதல் மழையை நம்பி விதைக்கிறார்கள், முளைக்கிறது, அப்புறம் இருபது நாள் ஒரு சொட்டு இல்லை. மறுவிதைப்புக்குக் கடன் வாங்க வேண்டும். இழப்பீட்டைப் பருவத்தின் மொத்த மழையை வைத்து முடிவு செய்தால், இவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். இரண்டு மழைக்கு நடுவே எத்தனை நாள், மணிக்கு எத்தனை மி.மீ., இந்த இரண்டையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

நிவாரணப் பணத்தில் ஒரு பங்கை மழைக்கு முன்பே நிலத்தில் போடுங்கள் என்றும் கேட்கிறேன். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவின் விவசாயி யாகூபா சவாடோகோ 1980களில் அதைத்தான் தன் கையால் செய்தார். கோடையிலேயே இறுகிய தரையில் குழி தோண்டி எருவைப் போட்டார். எருவைத் தேடி வந்த கரையான்கள் மண்ணைத் துளைத்து வழி வைத்தன. ஊரார் அவரைப் பைத்தியம் என்றார்கள். மழை வந்தபோது தண்ணீர் ஓடவில்லை, குழியில் நின்று உள்ளே இறங்கியது.